பூவா, தலையா? நினைவு நாணயத்தில் ஒரு மண்ணின் அடையாளத்தைப் படிக்கும் முறை

நாணயத்தைச் சுண்டிவிட்டு ‘பூவா, தலையா’ என்று கேட்கிறோம். தலைப் பக்கம் யாருடையது என்பதில் குழப்பம் வராது. அரசரோ தலைவரோ நாட்டுச் சின்னமோ, ஆட்சியின் முகம் அங்கே இருக்கும். பூப் பக்கம்தான் விவகாரமானது. ஒரு மாநிலத்துக்கோ மாகாணத்துக்கோ தீவுக்கோ நினைவு நாணயம் வெளியிடும்போது, ‘இந்த மண் என்றால் இதுதான்’ என்று யாரோ முடிவு செய்து, ஒரு பூவையோ மீனையோ கோபுரத்தையோ இரண்டரை சென்டிமீட்டர் வட்டத்துக்குள் வைத்துவிடுகிறார்கள். அந்த யாரோ யார், எந்தப் பூவை விட்டுவிட்டு இந்தப் பூவை எடுத்தார்கள், ஏன்? இதையெல்லாம் நாணயத்திலிருந்தே கேட்டுப் படிக்கும் முறையைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

நாணயத்தின் சந்தை விலை இங்கே வராது. அது வேறு கலை.

தொடங்குமுன்

ஐந்து முதல் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்று, பக்கவாட்டில் வைக்க ஒரு விளக்கு, ஒரு குறிப்பேடு. இவ்வளவு போதும். நேர் மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் புடைப்புகள் மறைந்துவிடும். சாய்வாக விழுந்தால்தான் நிழல் விழுந்து, தளத்தில் என்னென்ன எழும்பி நிற்கின்றன என்று தெரியும். நாணயத்தை விளிம்பில் பிடியுங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று தேய்க்கவே தேய்க்காதீர்கள். கையில் நாணயம் இல்லையென்றால் நாணயச்சாலை வெளியிட்ட பெரிய படமே போதும். ஆனால் படத்தில் விளிம்பு தெரியாது. அங்கே என்ன ஒளிந்திருக்கும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்: இது புழக்கத்துக்கு வந்த நாணயமா, சேகரிப்பவர்களுக்கு மட்டும் அடித்ததா? புழக்க நாணயம் எல்லார் சட்டைப்பைக்கும் போகும். அதனால் அதில் சின்னம் தேர்ந்தெடுப்பவர்கள் கொஞ்சம் பயந்தே தேர்ந்தெடுப்பார்கள். பெட்டியில் வைத்து விற்கும் வெள்ளி நாணயத்தில் அந்தப் பயம் குறைவு.

படி 1: கட்டாயமானதைக் கழித்துவிடுங்கள்

நாணயத்தில் இருக்கும் எல்லாமே அந்தப் பகுதியைப் பற்றிப் பேசுவதில்லை. விதிப்படி இருந்தே தீரவேண்டியவை சில உண்டு. 2 யூரோ நினைவு நாணயங்களின் வெளிவட்டத்தில் வரும் 12 நட்சத்திரங்கள் ஐரோப்பியக் கொடியைச் சேர்ந்தவை. ஜெர்மனியின் நாணயங்களில் ஏ, டி, எஃப், ஜி, ஜே என்று ஓர் எழுத்து தென்படும். அது மாநிலத்தின் முதலெழுத்து என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு. உண்மையில் அது அச்சடித்த ஊரின் குறி: பெர்லின், மியூனிக், ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹாம்பர்க். ஹாம்பர்க்கைக் கொண்டாடும் நாணயத்தில் மியூனிக்கின் குறி இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அமெரிக்கா 1999 முதல் 2008 வரை ஆண்டுக்கு ஐந்தாக வெளியிட்ட 50 மாநிலக் கால் டாலர்களில் இரண்டு ஆண்டுகள் இருக்கும். மேலே இருப்பது அந்த மாநிலம் ஒன்றியத்தில் சேர்ந்த ஆண்டு. கீழே இருப்பது நாணயம் வெளியான ஆண்டு. முதலாவது அடையாளம், இரண்டாவது நிர்வாகம்.

இவற்றையெல்லாம் மனத்தளவில் அழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள். இனி நம் வேலை அந்த மிச்சத்தோடுதான்.

படி 2: பெயர் சொல்லாமல் விவரியுங்கள்

பார்த்த உடனே ‘இது இன்னார், இது இன்ன கோட்டை’ என்று எழுத வேண்டாம். ஒன்றும் தெரியாத குழந்தை பார்ப்பதுபோல் பார்த்து எழுதுங்கள். எண்ணக்கூடியதை எண்ணுங்கள்.

நியூ ஹாம்ப்ஷயர் நாணயத்தின் (2000) இடது பக்கம் ஒன்பது நட்சத்திரங்கள் இருக்கும். அலங்காரம் என்று விட்டுவிட்டால் போயிற்று. அரசியல் சாசனத்தை ஏற்ற ஒன்பதாவது மாநிலம் அது என்பதைத்தான் அந்த எண்ணிக்கை சொல்கிறது. ஒஹாயோ நாணயத்தில் (2002) ஒரு பழைய விமானமும் விண்வெளி உடை அணிந்த ஓர் உருவமும் இருக்கின்றன. உருவத்தின் முகம் தெரியாது. அதையும் அப்படியே எழுதிவையுங்கள்: ‘முகம் தெரியவில்லை’. படி 6-இல் இது தேவைப்படும்.

படி 3: திணை பிரியுங்கள்

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நிலத்துக்குப் பூவின் பெயரை வைத்த மரபு நம்முடையது. மலை குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடற்கரை நெய்தல். ஒரு மண்ணை எதைக் காட்டி அடையாளம் சொல்வது என்ற கேள்விக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று மூன்று பெட்டிகளை அந்த இலக்கணம் செய்துவைத்திருக்கிறது. நாணயச் சின்னங்களைப் பிரிக்க இதைவிடப் பொருத்தமான பெட்டிகளை நான் பார்த்ததில்லை.

முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். வரைபட எல்லை, மலை, ஆறு, ஏரி, வரலாற்று ஆண்டு எல்லாம் இதில் சேரும். டெக்சாஸ் நாணயத்தில் மாநிலத்தின் எல்லைக்கோடும் ஒற்றை நட்சத்திரமும் இருக்கின்றன. ஜப்பான் தன் 47 மாகாணங்களுக்காக 2008 முதல் 2016 வரை வெளியிட்ட வரிசையில் ஹொக்கைடோவுக்கு டோயா ஏரி வந்தது. கூடவே செந்தலைக் கொக்குகளும் பறந்தன. கொக்கு அடுத்த பெட்டிக்கு உரியது.

கருப்பொருள்தான் பெரிய பெட்டி. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, யாழ், தொழில் என்று போகும் பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு நாணயங்களின் மேல் வைத்துப் பாருங்கள். விஸ்கான்சின் (2004): பசு, பாலாடைக்கட்டி, மக்காச்சோளக் கதிர். விலங்கு, உணவு, தொழில் மூன்றும் ஒரே வட்டத்தில். டென்னசி (2002): ஃபிடில், ட்ரம்பெட், கிடார். பறையும் யாழும்தான், வேறென்ன? வாஷிங்டன் மாநிலம் (2007): தண்ணீரிலிருந்து துள்ளும் சால்மன் மீன், பின்னால் ரெய்னியர் மலை. பழங்காலத்துக்குப் போனாலும் இதே கதை. ஏதென்சின் வெள்ளிக் காசில் ஆந்தையும் ஒலிவக் கொப்பும், எகினா தீவின் காசில் ஆமை, எபேசுவின் காசில் தேனீ. மக்கள் அந்தக் காசுகளை ‘ஆந்தை’, ‘ஆமை’ என்றே கூப்பிட்டார்கள். காசுக்கே ஊர்ச் சின்னத்தின் பெயர் வந்துவிட்டது.

மூன்றாவது பெட்டி காலியாகவே இருக்கும், பெரும்பாலும். உரிப்பொருள் என்பது அந்த மண்ணில் வாழ்கிறவர்களின் மனத்தில் நடப்பது. பசுவையும் மலையையும் செதுக்கிவிடலாம். காத்திருப்பையும் கோபத்தையும் இழப்பையும் எப்படிச் செதுக்குவது? அரிதாகச் சிலர் முயன்றிருக்கிறார்கள். டெலவேர் நாணயத்தில் (1999) ஒருவர் குதிரையில் பாய்ந்து போகிறார். 1776 ஜூலையில் விடுதலைத் தீர்மானத்துக்கு வாக்களிக்க ஃபிலடெல்ஃபியாவுக்கு விரைந்த சீசர் ராட்னி அவர். அங்கே சின்னம் குதிரையும் இல்லை, ஆளும் இல்லை. அந்த அவசரம்தான் சின்னம்.

உரிப்பொருளுக்கு எனக்குத் தெரிந்த மிகக் கூர்மையான எடுத்துக்காட்டு ரோமானியக் காசு ஒன்று. கி.பி. 70-இல் எருசலேம் வீழ்ந்த பிறகு பேரரசர் வெஸ்பாசியன் அடித்த காசுகளில் ஒரு பேரீச்ச மரம், அதன் அடியில் உட்கார்ந்து அழும் பெண், ‘கைப்பற்றப்பட்ட யூதேயா’ என்ற பொறிப்பு. மரம் கருப்பொருள். அழுகை உரிப்பொருள், நெய்தலின் இரங்கல் போல. ஆனால் அந்த அழுகையைக் காசில் பொறித்தவன் அழவைத்தவன். ஒரு பகுதியின் அடையாளத்தை வெளியாள் எழுதினால் இப்படித்தான் இருக்கும். கி.பி. 132-இல் மறுபடி கிளர்ச்சி வெடித்தபோது யூதர்கள் ரோமானியக் காசுகளையே எடுத்து, அவற்றின் மேல் தங்கள் அச்சை ஓங்கி அடித்தார்கள். அதில் வந்ததும் பேரீச்ச மரம்தான், அழும் பெண் மட்டும் இல்லை. இன்றைய இஸ்ரேலின் 10 ஷெக்கல் நாணயத்தில் ஏழு ஓலைகளோடும் பழக்கூடைகளோடும் அந்த மரம் நிற்கிறது. மரம் ஒன்றுதான். பொருள் இரண்டு முறை மாறிவிட்டது.

கட்டடங்களை எந்தப் பெட்டியில் போடுவது என்று கேட்கலாம். கருப்பொருளில் ஊரும் உண்டு என்பதால் அங்கேயே போட்டுவிடுங்கள். ஆனால் அவற்றைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஜெர்மனி 2006 முதல் 2022 வரை தன் 16 மாநிலங்களுக்கும் 2 யூரோ நினைவு நாணயம் வெளியிட்டது. லூபெக்கின் கோட்டை வாசல், கொலோன் பேராலயம், நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை, ட்ரியரின் ரோமானிய வாசல், கடைசியாக வார்ட்புர்க் கோட்டை. பதினாறும் கட்டடம். ஒரு பறவை கூட இல்லை. கட்டடம் யாரோடும் சண்டை போடாது, பார்த்ததும் அடையாளம் தெரியும், செதுக்கவும் வாகானது. பாதுகாப்பான தேர்வு. பாதுகாப்பு கூடக்கூட, அங்கே வாழ்கிறவர்களைப் பற்றிய செய்தி குறைந்துகொண்டே போகும்.

படி 4: சிலேடை இருக்கிறதா?

சில சின்னங்களுக்கு ஆழமான காரணம் தேடித் தேடிக் களைத்துப்போவோம். காரணம் வெறும் சொல்விளையாட்டாக இருக்கும். ரோட்ஸ் தீவின் காசில் ரோஜா, ஏனென்றால் கிரேக்கத்தில் ரோஜாவுக்கு ‘ரோடோன்’. செலினஸ் நகரத்தின் காசில் செலரி இலை, ஏனென்றால் அந்தச் செடி ‘செலினோன்’. ஃபொக்கேயாவுக்கு ‘ஃபோக்கே’ என்ற கடல்நாய். சிடே நகரத்துக்கு மாதுளை, அந்த ஊரின் பெயருக்கே அதுதான் பொருள். படிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்த்து ஊர்ப்பெயரைச் சொல்லிவிடுவான்.

ஆகவே பூவோ விலங்கோ கண்டால், அந்த ஊர் மொழியில் அதன் பெயரென்ன என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

படி 5: எழுத்தையும் விளிம்பையும் படியுங்கள்

எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்பதே ஒரு சின்னம். ஹவாய் நாணயத்தில் (2008) முதலாம் கமேஹமேஹா மன்னர் கைநீட்டி நிற்கிறார். பக்கத்தில் ஹவாய் மொழியிலேயே, ‘மண்ணின் உயிர் அறத்தால் நிலைக்கிறது’ என்ற பொருளில் ஒரு வாசகம். மறு வருடம் வெளியானவற்றில் போர்ட்டோ ரிக்கோவுக்கு ஸ்பானிஷ், குவாமுக்குச் சமோரோ, அமெரிக்க சமோவாவுக்குச் சமோவ மொழி. ஆங்கிலம் ஆளும் நாணயத்தில் இந்த ஒரு வரி அந்தத் தீவுகளின் குரல். படத்தைவிட இதுவே உரத்துப் பேசுகிறது என்பேன்.

அலபாமா நாணயத்தில் (2003) ஹெலன் கெல்லரின் பெயர் பிரெயில் எழுத்திலும் இருக்கிறது. புழக்க நாணயத்தில் அமெரிக்கா பிரெயில் பொறித்தது அதுவே முதல் முறை.

இப்போது விளிம்பு. பிரிட்டனின் பழைய வட்ட ஒரு பவுண்டு நாணயங்களை நிறுத்திவைத்துச் சுற்றிப் பாருங்கள். 1984-இல் ஸ்காட்லாந்துக்கு வந்த நாணயத்தில் திசில் என்னும் முட்செடி. அதன் விளிம்பில் லத்தீனில், ‘என்னைத் தீண்டிவிட்டு எவனும் தப்ப முடியாது’ என்ற வாசகம். முள்ளும் வாசகமும் சேர்ந்து பேசுகின்றன, பார்த்தீர்களா? 1985-இல் வேல்ஸுக்கு வந்ததில் லீக் செடி. விளிம்பில் வேல்ஸ் மொழியில் அவர்களுடைய நாட்டுப்பண்ணின் ஓர் அடி, தாய்நாட்டின் மேல் பற்று சொல்வது. இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வந்தவற்றின் விளிம்பில் ‘அழகும் காவலும்’ என்ற பொருளுள்ள பொதுவான லத்தீன் வாசகம். காசின் ஓரத்தைச் சுரண்டி உலோகம் திருடுகிறவர்களைத் தடுக்க விளிம்பில் எழுத்து பொறித்த காலத்தது அது. இருவருக்குத் தனிக்குரல், இருவருக்குப் பொதுக்குரல். வட அயர்லாந்தை மறக்காதீர்கள், அங்கேதான் முடிக்கப்போகிறோம்.

படி 6: யார் தேர்ந்தெடுத்தார்கள், எந்த விதிக்குள்?

என்னைக் கேட்டால் இதுதான் முதுகெலும்பான படி. சின்னத்தின் பொருள் மண்ணிலிருந்து மட்டும் வருவதில்லை, விதிப்புத்தகத்திலிருந்தும் வருகிறது.

மாநிலக் கால் டாலர்களுக்கான அமெரிக்கச் சட்டம் 1997-இல் வந்தது. மாநிலங்கள் யோசனை சொல்லலாம், இறுதி ஒப்புதல் நிதித்துறைச் செயலருடையது. யாருடைய தலையும் தோளும் மட்டும் தெரியும் மார்பளவு உருவம் கூடாது, உயிரோடிருப்பவர் உருவம் எந்த வடிவிலும் கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. இப்போது திரும்பிப் பாருங்கள். ராட்னி ஏன் குதிரைமேல் முழு உருவமாகப் போகிறார், ஹெலன் கெல்லர் ஏன் நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் இருக்கிறார், கமேஹமேஹா ஏன் நிற்கிறார் என்று புரியும். ஒஹாயோவில் பிறந்த விண்வெளி வீரர்கள் ஜான் கிளென்னும் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் 2002-இல் உயிரோடு இருந்தார்கள். நாம் ‘முகம் தெரியவில்லை’ என்று எழுதிவைத்தோமே, அதை இந்த விதியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மறுக்கப்பட்ட வடிவங்களைத் தேடுவது இன்னும் பலன் தரும். வாஷிங்டன் டி.சி. மக்களுக்கு நாடாளுமன்றத்தில் வாக்குரிமையுள்ள உறுப்பினர் கிடையாது. 2008-இல் நாணய யோசனை கேட்டபோது, ‘பிரதிநிதித்துவம் இல்லாத வரிவிதிப்பு’ என்ற தங்கள் பழைய முழக்கத்தை அவர்கள் முன்வைத்தார்கள். சர்ச்சைக்குரியது என்று நாணயச்சாலை மறுத்துவிட்டது. 2009-இல் வெளியான நாணயத்தில் இசைமேதை டியூக் எலிங்டன் பியானோவோடு இருக்கிறார், ‘எல்லாருக்கும் நீதி’ என்று எழுதியிருக்கிறது. அழகான நாணயம்தான். ஆனால் அந்த நகரத்தின் உரிப்பொருள் கழற்றிவைக்கப்பட்ட நாணயம். மறுக்கப்பட்டதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், ‘எல்லாருக்கும்’ என்ற சொல்லில் ஒரு குத்தல் கேட்காமல் இருக்காது.

ஐரோப்பாவிலும் உண்டு. சிரில், மெத்தோடியஸ் என்ற இரண்டு புனிதர்களை 2013-இல் 2 யூரோவில் வைக்க சுலோவாக்கியா விரும்பியபோது, ஒளிவட்டத்தையும் சிலுவைகளையும் எடுத்துவிடும்படி ஆட்சேபம் வந்தது. ஆனாலும் இறுதியில் முதல் வடிவமே வெளியானது. 2015-இல் வாட்டர்லூ போரின் 200-ஆம் ஆண்டுக்கு பெல்ஜியம் 2 யூரோ நாணயம் திட்டமிட்டது. தோற்ற பிரான்ஸ் எதிர்த்தது. பெல்ஜியம் என்ன செய்தது தெரியுமா? இரண்டரை யூரோ என்று ஒரு விசித்திரமான மதிப்பில், பெல்ஜியத்துக்குள் மட்டும் செல்லும் நாணயமாக அடித்துவிட்டது. ஒரு நாணயத்தின் மதிப்பு வழக்கத்துக்கு மாறாக இருந்தால், அதன் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியீட்டு வரிசையையும் விடாதீர்கள். ஜெர்மனியில் மேலவைத் தலைமைப் பொறுப்பு மாநிலங்களுக்குச் சுற்றில் வரும் வரிசையை ஒட்டி நாணயங்கள் வந்தன. அமெரிக்காவில் சாசனத்தை ஏற்ற, ஒன்றியத்தில் சேர்ந்த வரிசை. அதனால்தான் டெலவேர் நாணயத்தில் ‘முதல் மாநிலம்’ என்ற பெருமை பொறித்திருக்கிறது.

படி 7: இந்தச் சின்னத்துக்கு வேறு யார் உரிமை கோருகிறார்கள்?

ரைட் சகோதரர்கள் ஒஹாயோவின் டேட்டனைச் சேர்ந்தவர்கள். 1903-இல் பறந்தது வட கரோலினாவில். வட கரோலினா 2001-இல் ‘முதல் பறப்பு’ என்று அந்த விமானத்தைப் போட்டது. அடுத்த ஆண்டே ஒஹாயோ, ‘விமான முன்னோடிகளின் பிறப்பிடம்’ என்று எழுதி விமானத்தைப் போட்டது. பெற்றவளா, வளர்த்தவளா என்ற வழக்குப் போலத்தான். இரண்டு நாணயத்திலும் சொற்களை எவ்வளவு கவனமாக அளந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒன்று நிகழ்ச்சியைக் கோருகிறது, மற்றது ஆட்களை.

இது செல்லச் சண்டை. சுலோவீனியாவின் 2 சென்ட்டில் இருப்பது அப்படியில்லை. இது நினைவு நாணயமில்லை, அன்றாட நாணயம். ஆனாலும் பாடம் இதில்தான் தெளிவாக இருக்கிறது. அதில் உள்ள ‘இளவரசர் கல்’ இடைக்காலத்தில் கரிந்தியா நாட்டுச் சிற்றரசர்கள் பதவியேற்ற கல். ஒரு ரோமானியத் தூணின் அடிப்பாகத்தைத் தலைகீழாக வைத்தது. சுலோவீனியர்களுக்கு அது தங்கள் ஆதி ஆட்சியின் நினைவு. கல் இன்று இருப்பதோ ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட்டில். அந்தப் பக்கத்திலிருந்து கோபம் கிளம்பியதில் வியப்பில்லை. 2023-இல் யூரோவுக்கு மாறிய குரோவேசியா தன் நாணயங்களில் நிக்கோலா டெஸ்லாவை வைக்க முடிவெடுத்தபோது செர்பியாவின் மத்திய வங்கி ஆட்சேபித்தது. டெஸ்லா பிறந்தது இன்றைய குரோவேசிய மண்ணில், செர்பியக் குடும்பத்தில்.

அடுத்தவர் சின்னத்தைத் தன் காசில் போடுவதே ஆட்சியின் மொழியாக இருந்த காலமும் உண்டு. சோழர் காசுகளில் புலிக்குப் பக்கத்தில் மீனும் வில்லும் இருக்கும். பாண்டியன் மீனும் சேரன் வில்லும் சோழன் காசில் ஏன் என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு நாணயத்தில் இரண்டு மூன்று பகுதிகளின் சின்னங்கள் சேர்ந்திருந்தால், நட்பா, மேலாட்சியா என்று கேளுங்கள். எது நடுவில், எது ஓரத்தில், எது பெரிது என்பதில் விடை இருக்கும்.

படி 8: உலோகத்தின் வரம்பு

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கக் கால் டாலரின் விட்டம் 24.26 மில்லிமீட்டர், 2 யூரோவின் விட்டம் 25.75. புழக்க நாணயத்தில் புடைப்பு தாழ்வாகத்தான் இருக்க வேண்டும். படம் விளிம்பைவிட உயர்ந்தால் நாணயங்களை அடுக்க முடியாது, சீக்கிரம் தேய்ந்தும் போகும். முன்பக்கம் ஆழமாகச் செதுக்கினால், அதே இடத்தில் பின்பக்கத்துக்கு உலோகம் போதாமல் படம் மங்கும். நிறம் கிடையாது. ஜப்பானின் 1000 யென் மாகாண நாணயங்கள்போல் வண்ணம் அச்சிட்ட வெள்ளி நாணயங்கள் விதிவிலக்கு.

அதனால் நிழலுருவம் தெளிவாக உள்ளவையே வெல்லும்: பறவை, மரம், பாலம், கோபுரம். நெல்வயலும் பனியும் மழையும் எவ்வளவு உயிரான அடையாளமாக இருந்தாலும் தோற்றுப்போகும். ஜார்ஜியா நாணயத்தில் (1999) பீச் பழத்தைச் சுற்றி மாநிலத்தின் எல்லைக்கோடு இருக்கிறது. அதன் வடமேற்கு மூலையில் டேட் கவுன்டி விடுபட்டதுபோல் தெரிகிறது என்று பேச்சு எழுந்தது. கோட்டை எளிமையாக்கும்போது ஒரு வட்டாரமே காணாமல் போவதற்கு இந்த உலோகம் போதும்.

படி 9: சின்னம் இன்னும் இருக்கிறதா?

நியூ ஹாம்ப்ஷயருக்குத் திரும்புவோம். ஒன்பது நட்சத்திரங்களுக்கு எதிரே இருப்பது ‘மலைக் கிழவர்’. பக்கவாட்டில் பார்த்தால் மனிதமுகம் போலத் தெரிந்த ஒரு பாறைமுகப்பு. நாணயம் வந்தது 2000-இல். 2003 மே 3 அன்று பாறை சரிந்து விழுந்துவிட்டது. மலையில் இல்லாத முகம் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. கனெக்டிகட் (1999) வேறு மாதிரி. 1687-இல் காலனியின் உரிமைச் சாசனத்தை ஒளித்துவைத்ததாகச் சொல்லப்படும் ஓக் மரம் அதில் இருக்கிறது. மரம் 1856-இலேயே புயலில் விழுந்தது. இது தெரிந்தே செய்த நினைவுகூரல், அது எதிர்பாராத இரங்கல்.

எல்லாவற்றிலும் பெரிய எடுத்துக்காட்டு வட ஆப்பிரிக்காவின் சிரீன். அதன் காசுகளில் சில்ஃபியம் என்ற செடி தண்டும் இலையும் பூவுமாக இருக்கும். மருந்துக்கும் சமையலுக்கும் ஏற்றுமதியாகி அந்த நகரத்தைச் செல்வமாக்கிய செடி. பண்டைக் காலத்திலேயே அழிந்துபோனதாகக் கருதப்படுகிறது. அது எப்படி இருந்தது என்று தேடுகிற தாவரவியலாளர்கள் இன்றும் அந்தக் காசைத்தான் உற்றுப்பார்க்கிறார்கள்.

சின்னம் மட்டுமில்லை, பகுதியே மறையலாம். பிரான்ஸ் 2010-இல் தன் வட்டாரங்களுக்காக 10 யூரோ வெள்ளி நாணயங்கள் வெளியிட்டது. 2016-இல் பெருநிலத்து வட்டாரங்கள் 22-லிருந்து 13 ஆகச் சேர்க்கப்பட்டன. அல்சாசுக்கு நாணயம் உண்டு, அந்தப் பெயரில் வட்டாரம் இல்லை.

ஒரே பகுதிக்கு இரண்டு காலத்து நாணயங்கள் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஹாம்பர்க்குக்கு 2008-இல் புனித மிக்கேல் தேவாலயம், 2023-இல் எல்ப்ஃபில்ஹார்மோனி இசையரங்கம். மெக்லன்புர்க்குக்கு 2007-இல் ஷ்வெரின் அரண்மனை, 2024-இல் கடலோரச் சுண்ணாம்புப் பாறை. முதல் சுற்றில் கட்டடத்தை விட்டு நகராதவர்கள் இரண்டாம் சுற்றில் முதற்பொருளுக்கு வந்திருக்கிறார்கள்.

எல்லாப் படிகளையும் ஒரு நாணயத்தில் போட்டுப் பார்ப்போம்

1986-இன் வட அயர்லாந்து ஒரு பவுண்டு. தலைப் பக்கம் அரசி: கட்டாயம், கழித்துவிடுங்கள். பூப் பக்கத்தில் ஒரு மகுட வளையம், அதற்குள்ளிருந்து எழும் மெல்லிய செடி, சிறு பூக்கள். ஆளிச்செடி, நாம் விதையை வாங்குகிறோமே, அதே ஆளி. தண்டின் நாரிலிருந்து லினன் துணி வரும். அந்தப் பகுதியின் பெரிய தொழில் ஒரு காலத்தில் அதுதான். ஆகக் கருப்பொருள், தொழில் வகை. சிலேடை இல்லை. விளிம்பில் பொதுவான லத்தீன்.

சரி, ஏன் ஷாம்ராக் என்ற மூவிலை இல்லை? அது முழு அயர்லாந்துக்கும் சின்னம். எல்லையின் இரு பக்கமும் சொந்தம் கொண்டாடுவது. 1986 என்பதோ, பிரிட்டனோடு இருப்பதா அயர்லாந்தோடு சேர்வதா என்ற சண்டையில் அங்கே ரத்தம் சிந்திக்கொண்டிருந்த காலம். எந்தக் கொடியும் ஏற்காத, எந்தக் கட்சியும் பாடாத ஒரு செடி தேவைப்பட்டிருக்கும் என்றே நான் படிக்கிறேன். பின்னாளில் வட அயர்லாந்துச் சட்டமன்றமும் ஆறு கவுன்டிகளுக்கு ஆறு ஆளிப்பூக்களைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. இந்த நாணயத்தின் உரிப்பொருள் அதில் இல்லாத இலையில் இருக்கிறது.

2014-இல் வந்த வட அயர்லாந்துப் பவுண்டில் ஆளியும் ஷாம்ராக்கும் சேர்ந்தே இருக்கின்றன. 2017-இல் பன்னிரு பக்க பவுண்டு வந்தது. பொதுப்போட்டியில் வென்ற 15 வயதுப் பையன் வரைந்த வடிவம்: ஒரே தண்டிலிருந்து ரோஜா, லீக், திசில், ஷாம்ராக். ஆளி இல்லை. குறிப்பேட்டில் மூன்று ஆண்டுகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே ‘யார் தேர்ந்தெடுத்தார்கள்?’ என்று ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தேடல் அங்கிருந்து தொடங்கட்டும்.